வறண்ட காலத்தில் தண்ணீரைத் தேடி: கலகாடி, எட்டோஷா, க்ரூகர்

காட்டுக்குள் நாமே வண்டியோட்டிச் செல்லலாம் என்பதுதான் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் உள்ள பெரிய தேசியப் பூங்காக்களின் முதன்மையான கவர்ச்சி. முதுமலையிலோ பந்திப்பூரிலோ வனத்துறை வண்டியில் இடம் பிடித்து, ஓட்டுநர் நிறுத்துகிற இடத்தில் பார்த்து, அவர் கிளப்பும்போது கிளம்ப வேண்டும். இங்கே நுழைவுக் கட்டணம் கட்டி ஒரு வரைபடத்தை வாங்கிக்கொண்டால், சூரியன் எழும்போது முகாமின் வாயில் திறந்ததிலிருந்து அது மறையும்போது மூடும் வரை, நிற்பதும் போவதும் நம் விருப்பம். இறங்க அனுமதித்திருக்கும் ஓய்விடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது, வேக வரம்பை மீறக் கூடாது, நேரத்துக்குள் முகாம் திரும்ப வேண்டும் என்கிற விதிகள் மட்டும் கண்டிப்பானவை.

வேலையின் பொருட்டு ஜோகன்னஸ்பர்க்கில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்குப் பிள்ளைகளின் குளிர்காலப் பள்ளி விடுமுறை இதற்கென்றே அமைந்ததுபோல வாய்க்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தப் பூங்காக்களில் பெரும்பாலும் மழை இராது. புல் காய்ந்து தாழ்ந்துவிடும், புதர்கள் இலையுதிர்த்துவிடும், மழைக்குட்டைகள் வற்றிவிடும். எஞ்சியிருக்கும் நீர்நிலைகளுக்கு விலங்குகள் வந்தே ஆக வேண்டும். ஆகையால் இக்காலத்தில் சஃபாரி செல்வோருக்கு எங்கே போவது என்ற கேள்வி பெரிய புதிரன்று. பலரும் ஒரு நீர்நிலையில் சில நிமிடம் நின்று, ஒன்றும் இல்லையென்றால் அடுத்ததற்கு விரைகிறார்கள். நாங்கள் அப்படிச் செய்யாததற்குக் காரணம் என் அப்பா. தமிழகப் பொதுப்பணித்துறையில் ஏரி, மதகு, வாய்க்கால் என்றே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவர் அவர். எந்தத் தண்ணீரைக் கண்டாலும், அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் நகர மாட்டார். “இது ஊத்தாம்மா, இல்ல போர் போட்டதா?” என்ற அவருடைய கேள்விதான் எங்கள் பயணங்களின் போக்கையே தீர்மானித்தது.

கலகாடிக்குப் போவதற்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அப்பிங்டன் நகரில் இரவு தங்கி, அங்கேயே டீசலும் காய்கறிகளும் அரிசியும் நிரப்பிக்கொண்டு வடக்கே திரும்பினால், வழியெங்கும் செம்மணல் மேடுகள் தொடர்ந்து வருகின்றன. தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் தத்தம் பூங்காக்களை இணைத்து 2000-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்துவைத்த எல்லைகடந்த பூங்கா இது. பரப்பு ஏறக்குறைய 38,000 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலத்தைவிடச் சற்றுத்தான் குறைவு. நுழைவிடமான ட்வீ ரிவியரனில் எல்லோரும் முதலில் செய்வது சக்கரங்களின் காற்றைக் குறைப்பதுதான். நாங்கள் 1.6 பார் அளவுக்கு இறக்கினோம். காற்றைக் குறைத்தால் சக்கரம் மணலில் புதையாமல் பரந்து பதிகிறது. சாலையில் வரிவரியாக எழுந்திருக்கும் மேடுபள்ளங்களின் குலுக்கலும் பாதியாகிறது. முதுகுவலிக்காரரான அப்பாவுக்கு இது பெரிய உபகாரம்.

ஔவோப், நோசோப் என்னும் இரண்டு ஆறுகளின் படுகையிலேயே முக்கியச் சாலைகள் செல்கின்றன. ஆறுகள் என்று வரைபடம் சொல்கிறதே தவிர, அவற்றில் நீர் ஓடுவது மிக அபூர்வம். ஔவோப் படுகையில் சிறிது தொலைவுக்கு ஒரு தொட்டி வருகிறது. ஒன்றுக்குப் பதின்மூன்றாவது ஆழ்துளைக் கிணறு, அடுத்ததற்குப் பதினான்காவது ஆழ்துளைக் கிணறு என்று ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பெயர். இவை விலங்குகளுக்காகத் தோண்டப்பட்டவை அல்ல. முதல் உலகப்போர் மூண்ட 1914-இல், இன்றைய நமீபியாவான ஜெர்மானிய தென்மேற்கு ஆப்பிரிக்காவின் மீது படையெடுக்க நேர்ந்தால் வீரர்களுக்கும் குதிரைகளுக்கும் தண்ணீர் வேண்டுமே என்று தென்னாப்பிரிக்க அரசு இந்தப் படுகை நெடுகக் கிணறுகளைத் தோண்டி, காவலுக்குக் குடும்பங்களையும் அமர்த்தியது. அங்கிருந்த ஜெர்மானியப் படை 1915 ஜூலையில் சரணடைந்துவிட்டது. ஆனால் கிணறுகளும் காவல் குடும்பங்களும் அங்கேயே நிலைத்துவிட்டன. அக்குடும்பங்கள் வாழ்ந்த கல்வீடு ஒன்று ஔக்டர்லோனி என்ற இடத்தில் சிறிய அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. வேட்டை பெருகி விலங்குகள் அருகிப்போன பிறகு, 1931-இல் இந்த நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பூங்காவின் முதல் காப்பாளர் யோஹானஸ் லெ ரிஷ், அவருடைய உதவியாளர் கெர்ட் ஜானுவரி ஆகியோரின் முடிவு அப்பாவின் மனத்தை மிகவும் பாதித்தது. 1934-இல் வழக்கத்துக்கு மாறாகப் பெருமழை பெய்து இரண்டு ஆறுகளும் பெருக்கெடுத்தன. தேங்கிய நீரில் கொசு பெருகி மலேரியா பரவி, அதில் இருவரும் இறந்துபோனார்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்கு ஏங்கும் ஊரில் தண்ணீரே எமனாக வந்ததை அவர் அன்றிரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருமையான பிடரி கொண்ட கலகாரிப் பாலைவனச் சிங்கங்களைத்தான் எல்லோரும் இங்கே தேடுகிறார்கள். ஒரு தொட்டியின் அருகே காலை முழுவதும் காத்திருந்து நாங்களும் பார்த்தோம். இரண்டு ஆண் சிங்கங்கள் வண்டியின் நிழலைக்கூடப் பொருட்படுத்தாமல் வந்து, நெடுநேரம் நக்கிக் குடித்துவிட்டு, மணல்மேட்டில் ஏறி மறைந்தன. ஆயினும் என் மகளுக்குப் பிடித்தது கெம்ஸ்பாக் என்னும் நெடுங்கொம்பு மான்தான். தண்ணீரே இல்லாமல் பல நாள் தாக்குப்பிடிக்கும் இந்த விலங்கு, மணலில் படர்ந்து காய்க்கும் த்சாம்மா எனப்படும் காட்டுத் தர்பூசணியிலிருந்தும் கிழங்குகளிலிருந்தும் நீரைப் பெற்றுக்கொள்கிறது. அதே காயைப் பழுப்புக் கழுதைப்புலியும் தின்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. தொட்டிகள் வருவதற்கு முன்பே இந்தப் பாலைக்குத் தனக்கென ஒரு தண்ணீர்க் கணக்கு இருந்திருக்கிறது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகாம்தோறும் பிராய் எனப்படும் விறகு அடுப்புமேடை உண்டு. விறகு முகாம் கடையிலேயே கிடைக்கும். மற்றவர்கள் இறைச்சி வாட்டும்போது நாங்கள் மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சுட்டோம். பகலுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வண்டியிலேயே இருந்தன. ஜூலை இரவுகளில் இங்கே குளிர் உறைநிலைக்கும் கீழே போகும் என்பதால் கம்பளிக்குக் கஞ்சத்தனம் கூடாது.

நமீபியாவின் எட்டோஷா முற்றிலும் வேறு வகையான நிலம். விண்ட்ஹூக் நகரில் உயரமான டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்) வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒச்சிவராங்கோ, ஔட்யோ வழியாக ஏறக்குறைய 430 கிலோமீட்டர் ஓட்டினால் ஒகாகுயேயோ முகாம் வந்துவிடும். பூங்காவின் வாயில் வரை தார்ச்சாலை, இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். உள்ளே சரளைச் சாலை, வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். சரளையில் சக்கரம் கிழிவது சாதாரணம் என்பதால், வாடகைக் காப்பீட்டில் சக்கரமும் கண்ணாடியும் சேருமா என்று கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்வதும், கூடுதலாக ஒரு மாற்றுச் சக்கரம் வாங்கிக்கொள்வதும் நல்லது.

1907-இல் ஜெர்மானிய ஆளுநர் ஃபிரீட்ரிஷ் ஃபான் லிண்டெக்விஸ்ட் காப்புக்காடாக அறிவித்த எட்டோஷா, முன்பு இன்றைய அளவைப்போலப் பன்மடங்கு பரந்திருந்தது. இப்போது 22,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் வெறும் உப்புக் களர்: புல் இல்லை, மரம் இல்லை, கண்ணெட்டும் தொலைவு வரை வெண்சாம்பல் நிறத் தரை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் வடக்கேயிருந்து வரும் நீர் அதில் மெல்லிய படலமாகத் தேங்குகிறது, பூநாரைகள் கூடுகின்றன. நாங்கள் போன மாதத்தில் அங்கே கானல் மட்டும்தான் ஓடியது.

இந்தக் களரின் தென்விளிம்பில்தான் அப்பா தம் பழைய தொழிலுக்குத் திரும்பினார். மேலே துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை, அது முடியுமிடத்தில் நீர் புகாத களிமண். பாறையினூடே மெல்ல நகர்ந்துவரும் நிலத்தடி நீர் களிமண்ணில் முட்டி வெளியே கசிகிறது. ஒகொண்டேகாவும் சால்வடோராவும் இப்படிப்பட்ட கசிவூற்றுகள். கிழக்கே நமுதோனி முகாம் பக்கம் உள்ள சூடோப் போன்றவற்றில் நீர் அடியிலிருந்து தன் அழுத்தத்தாலேயே மேலெழுகிறது. கெம்ஸ்போக்ஃப்ளாக்டேயில் இருப்பதோ ஆழ்துளைக் கிணறு. அங்கே யானைக்கூட்டம் ஒன்று வந்தபோது, பரந்த குட்டையை விட்டுவிட்டு, குழாயிலிருந்து புதுநீர் விழும் வாயருகே மட்டும் பெரிய யானைகள் நெருக்கியடித்து நிற்பதை முதலில் கவனித்தவர் அப்பாதான். கலங்காத நீர் எது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. குட்டிகளுக்கும் இடம் விடுகின்றன, வரிக்குதிரைகளுக்கு மட்டும் விடுவதில்லை. களிமண்ணை வாரிப் பூசிக்கொள்வதால் எட்டோஷாவின் யானைகள் வெள்ளையடித்த சுவர்போல வெளிறித் தெரிகின்றன.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு வரும் நமாகுவா கல்கௌதாரிகளுக்காகவும் காத்திருக்கலாம். கூட்டம் கூட்டமாக இறங்கும் இவற்றில் ஆண்பறவைகள் குடித்து முடித்த பிறகும் நீரிலேயே அமிழ்ந்து உட்கார்ந்திருக்கும். வயிற்றுப்புற இறகுகளில் நீரை ஊறவைத்து, பல கிலோமீட்டர் பறந்து, தரையில் காத்திருக்கும் குஞ்சுகளுக்கு அந்த இறகிலிருந்து ஊட்டுவதற்காகவே இந்த ஏற்பாடு. சிங்கத்துக்காக வந்து நிற்கும் வண்டிகளில் பல, இந்தக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே புறப்பட்டுப் போய்விடுகின்றன.

இரவில் வண்டியோட்ட அனுமதியில்லை. ஆனால் ஒகாகுயேயோ முகாமின் சுவரை ஒட்டியே விளக்கொளி பாய்ச்சிய நீர்நிலை இருக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்தால் போதும். தனித்தே திரிவதாகச் சொல்லப்படும் கருப்புக் காண்டாமிருகங்கள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மூச்சைச் சீறி, மூக்கோடு மூக்கு வைத்து நிற்பதை என் மகன் நள்ளிரவு தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தான். ஹலாலி முகாமின் மொரிங்கா நீர்நிலையும் இவ்வாறே. அங்கே ஹனி பேட்ஜர்கள் (தேன்வளைக்கரடிகள்) இரவில் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும். ஒகாகுயேயோவில் கருமுதுகு நரிகள் அடுப்புமேடையைச் சுற்றிவரும். சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

இந்த ஊற்றுகளின் கரைகள் மனிதர் வாழ்ந்த இடங்களும்கூட. இந்நிலத்தின் பூர்வகுடிகளான, ஹைஓம் எனப்படும் சான் மக்கள் பல தலைமுறைகளாக இவற்றைச் சுற்றியே குடியிருந்தனர். 1954-இல் அவர்களைப் பூங்காவைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். இன்று பயணிகள் மனிதவாடையே இல்லாத காடு என்று வியக்கும் பல இடங்கள் அவர்களுடைய ஊர்கள். முகாம்களில் விலங்குகளைப் பற்றி எழுதியிருக்கும் அளவுக்கு இதைப் பற்றி எழுதியிருக்கவில்லை என்பது என் மனக்குறை.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் தண்ணீர் தொடர்பானதை மட்டும் சொல்கிறேன். 1926-இல் தேசியப் பூங்காவாகி, மறு ஆண்டே வண்டிகளை அனுமதிக்கத் தொடங்கிய இங்கே, வறட்சிக்கு அஞ்சி இருபதாம் நூற்றாண்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகளும் பல அணைகளும் அமைத்தார்கள். விளைவு எதிர்பாராதது. பூங்காவின் வறண்ட வடபகுதிக்குத் தண்ணீர் போனதும் வரிக்குதிரைகள் போயின; அவற்றின் பின்னே சிங்கங்கள் போயின; அதுவரை அங்கே ஓரளவு பாதுகாப்பாக வாழ்ந்த, ஏற்கெனவே அரிதான ரோன் மான்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நீர்நிலைகளைச் சுற்றிப் புல்லும் மேய்ந்து தீர்ந்தது. ஆகவே 1990-களிலிருந்து பல கிணறுகளை மூடிவிட்டார்கள். தகட்டு விசிறி நின்றுபோன காற்றாலைகளைச் சாலையோரத்தில் இன்றும் காணலாம்.

இதை அப்பாவால் எளிதில் ஏற்க முடியவில்லை. குடிக்கிற தண்ணீரை மூடுவதாவது என்று அவரும், மூடாவிட்டால் ரோன் மான் மிஞ்சாது என்று என் மகனும் இரண்டு முகாம்களுக்கிடையே வாதிட்டுக்கொண்டே வந்தார்கள். கலகாடியில் மூடாமல் விட்டிருக்கிறார்களே என்று தாத்தா கேட்டதற்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. என் கட்சி மகனுடையதுதான். ஆனால் வண்டியை ஓட்டுகிறவள் வாதத்தில் சேரக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

கிணறுகள் குறைந்ததால் க்ரூகரில் வறண்ட மாதங்களில் ஆற்றோரச் சாலைகளே பலன் தருகின்றன. ஸ்குகுசாவையும் லோயர் சாபியையும் இணைத்து சாபி ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலையில் சிறுத்தை முதல் நீர்யானை வரை எதையும் பார்க்கலாம். அதற்கேற்ற நெரிசலும் உண்டு. பெரிய முகாமான ஸ்குகுசாவிலிருந்து கிளம்பும் வண்டிகளின் எண்ணிக்கை அதிகம் என்பதால், லோயர் சாபியில் இரவு தங்கி, வாயில் திறந்த உடனே மேற்கு நோக்கிப் புறப்படுங்கள். சிறுத்தையைக் கண்டு வரிசைகட்டி நிற்கும் வண்டிகளுக்குள் சிக்குவதற்கு முன் பாதித் தொலைவையாவது அமைதியாகக் கடந்துவிடலாம்.