பழுப்புச் சப்பாத்து அணிந்த பின்வரிசை வீரர்

எங்கள் கல்லூரி மைதானத்தில், மழையில் ஊறிக் கனத்துப்போன தோற்பந்தை நான் தனியே கொண்டோடிப் பறிகொடுத்து நிற்கும் போதெல்லாம், உதைபந்தாட்டப் பொறுப்பாசிரியர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தம்பி, பந்தைக் குடுத்திட்டு ஓடடா" என்று சத்தமிடுவார். பந்தைக் கொடுத்து வாங்கும் அந்த ஆட்டமுறையை வளர்த்தவர்களுள் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழகத்தார் முதன்மையானவர்கள் என்பதையும், 1880களில் அவர்களது பின்வரிசையைக் காத்தவர் ஒரு கறுப்பின வீரர் என்பதையும், லண்டனுக்குக் குடிவந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அறிந்தேன்.

அந்த வீரரான அன்ட்ரூ வற்சன் 1856 மே 24 அன்று தென் அமெரிக்காவில் அன்றைய பிரித்தானிய கயானாவின் டெமராராவில், ஸ்கொட்லாந்துத் தந்தைக்கும் ஹன்னா றோஸ் என்ற உள்ளூர்த் தாய்க்கும் பிறந்தார். சிறுவயதிலேயே கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் ஹலிஃபாக்ஸிலும் லண்டனிலும் பள்ளிப்படிப்பை முடித்தவர், 1875இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு நீடிக்கவில்லை, ஆட்டம் நிலைத்தது. பார்க்குறோவ் கழகத்திலிருந்து 1880இல் குயின்ஸ் பார்க் சென்று, பின்னர் அதன் செயலாளராகவும் பணியாற்றினார். வேகமும், எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்கும் துணிவும், பிழைக்காத உதையும் அவருடைய பலம். அக்காலத்து ஆட்டக் குறிப்புகள் அவரது தோலின் நிறத்தைவிட, மற்றவர்களின் கறுப்புச் சப்பாத்துகளுக்கிடையே அவர் அணிந்த பழுப்புச் சப்பாத்தையே கவனித்தன என்று வாசித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

1881 மார்ச் 12 அன்று, லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில், தமது முதலாவது சர்வதேச ஆட்டத்திலேயே அவர் ஸ்கொட்லாந்துக்குத் தலைமை தாங்கினார். இங்கிலாந்து 6-1 எனத் தோற்றது. சொந்த மண்ணில் அவர்கள் அடைந்த மிகப் பெரிய தோல்வி இன்றுவரை அதுவே. இரண்டு நாட்களில் றெக்ஸமில் வேல்ஸுக்கு எதிராக 5-1, மறு ஆண்டு கிளாஸ்கோவில் மீண்டும் இங்கிலாந்துக்கு எதிராக 5-1. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணிகள் பெற்றவை மூன்றே கோல்கள். ஒரு பின்வரிசை வீரருக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

ஆயினும் 1882 கோடையில் அவர் லண்டனுக்கு இடம்பெயர்ந்தார். ஸ்கொட்லாந்தில் வசிப்போரை மட்டுமே தெரிவுசெய்வது அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்தின் அக்கால வழக்கமாதலால், தேசிய அணியின் கதவு அவருக்கு மூடப்பட்டது. புலம்பெயர்ந்த எங்களுக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை. ஆற்றல் குன்றிவிட்டதென்றும் சொல்ல முடியாது: 1884இல், அவ்வாண்டின் இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்றிருந்த பிளாக்பேர்ன் றோவர்ஸை 8-1 என வீழ்த்திய, லண்டனின் கொறிந்தியன் கழக அணியில் அவரும் ஆடினார். 1881, 1882 ஆகிய ஆண்டுகளில் குயின்ஸ் பார்க்குடன் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை வென்றிருந்த அவர், திரும்பிச் சென்று 1886இலும் அதை வென்றார்.

பின்னாளில் கப்பல் பொறியியலாளராக உழைத்து, 1921 மார்ச் 8 அன்று லண்டனின் கியூ பகுதியில் காலமானார். றிச்மண்ட் மயானத்தில் அவரது கல்லறை முன் ஒரு தூறல் நாளில் நின்றபோது, அவர் ஆடிய அந்த மூன்று ஆட்டங்களைவிட, ஊர் மாறியதால் ஆடக் கிடைக்காமற்போன ஆட்டங்களே என் நினைவில் நின்றன.