வென்யூ டர்போ பெட்ரோல் இன்ஜின்: 62,000 கிலோமீட்டர் வரை எழுதி வைத்த அளவுகள்

நாமக்கல்லில் டர்போ என்பது புதிய சொல் அன்று; வெளியேறும் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவி அது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் டீசல் பம்பு சரிசெய்யும் கடைகளும் நிறைந்த இந்த ஊரில், டர்போ போன லாரி எப்படி ஊளையிடும் என்பது சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் 2020ஆம் ஆண்டின் இறுதியில் நான் ஹூண்டாய் வென்யூ காரின் 1.0 டர்போ பெட்ரோல் வகையை, ஆறு கியர் மேனுவலுடன் வாங்கி வந்தபோது, அதே பட்டறைக்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒரு லிட்டர்கூட இல்லாத இன்ஜின், அதுவும் மூன்று சிலிண்டர், டர்போவின் அழுத்தத்தை எத்தனை நாள் தாங்கும்? ஊகித்துப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், இன்ஜின் கணினியின் அளவுகளைப் படித்துப் போனில் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் வாங்கி அன்று தொடங்கிய பதிவு, இப்போது 62,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது.

முதலில் இன்ஜினின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 84 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 998 சிசி. உச்சத் திறன் நிமிடத்திற்கு 6,000 சுற்றில் 120 பிஎஸ்; உச்ச முறுக்குவிசை 172 நியூட்டன் மீட்டர், அது 1,500 சுற்று முதல் 4,000 சுற்று வரை ஒரே அளவில் கிடைக்கிறது. பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தெளிக்கப்படுகிறது. டைமிங்கிற்கு பெல்ட் இல்லை, செயின்தான். இந்த எண்களில் பலரும் 120 என்பதைத்தான் பேசுகிறார்கள். என் கண்ணில் பட்டது 172. அதே காரில் டர்போ இல்லாமல் வந்த 1.2 லிட்டர் இன்ஜின் ஏறத்தாழ 114 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. லிட்டருக்கு எனக் கணக்கிட்டால் அது 95, இது 172. அதாவது ஒவ்வொரு எரிப்பிலும் பிஸ்டன் தலையில் விழும் சராசரி அழுத்தம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங் ஆகிய மூன்றும் அந்த 1.8 மடங்கை 1,500 சுற்றிலேயே சுமக்கத் தொடங்கிவிடுகின்றன. குறைந்த சுற்றில் பேரிங்கில் நிற்கும் ஆயில் படலமும் மெல்லியதாக இருக்கும் என்பதைச் சேர்த்து நினைத்தால், இந்த இன்ஜினின் ஆயுள் பெரும்பாலும் ஆயிலின் கையில்தான் இருக்கிறது என்பது விளங்கும்.

இதையே லாரி டர்போவில் நாற்பது ஆண்டுகள் கைபார்த்த மூத்த மெக்கானிக் ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: “தம்பி, டர்போ தானாக் கெடறதில்லீங்க, ஆயிலு கெட்டாத்தான் டர்போ போகும்.” டீசலைவிட பெட்ரோலில் இது இன்னும் கூடுதல் உண்மை. டீசல் லாரியின் புகை டர்போவுக்குள் நுழையும்போது சுமார் 700 டிகிரி செல்சியஸ் இருந்தால், முழுச்சுமையில் ஓடும் பெட்ரோல் இன்ஜினில் அது 900 டிகிரியைத் தாண்டும். நிமிடத்திற்கு இரண்டு லட்சம் சுற்றை எட்டக்கூடிய சின்னத் தண்டு அந்தச் சூட்டின் பக்கத்திலேயே, ஆயில் படலத்தின் மீது மிதந்தபடி சுழல்கிறது. இன்றைய பெட்ரோல் டர்போக்களின் நடுப்பகுதியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுவதால் பழைய காலத்து அச்சம் பெரிதும் குறைந்துவிட்டது உண்மைதான். இருந்தாலும் மலை ஏறி முடித்தவுடனோ, நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நின்றவுடனோ நான் உடனே இன்ஜினை நிறுத்துவதில்லை. ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறேன்.

ஆயிலைப் பற்றி என் நோட்டில்தான் அதிகப் பக்கங்கள் இருக்கின்றன. 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்குவேன். 2020இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தரத்தில் இரண்டு சோதனைகள் இந்த வகை இன்ஜினுக்கென்றே அமைந்தவை. ஒன்று டைமிங் செயின் தேய்மானம். மற்றொன்று, குறைந்த சுற்றில் அதிகச் சுமை கொடுக்கும்போது, பிளக் பொறி விடுவதற்கு முன்னரே சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நிலை. ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி பிஸ்டன் ஓரத்திலிருந்து தெறித்து எரிப்பைத் தொடங்கிவைப்பது இதற்கு ஒரு காரணம். ஆயிலில் கால்சியம் சார்ந்த சேர்மானம் மிகுந்தால் இது கூடுகிறது என்று கண்டறிந்த பிறகு, அதில் ஒரு பகுதியை மக்னீசியம் சார்ந்ததாக மாற்றினார்கள். சாதாரண நாக்கிங் (பொறி விட்ட பிறகு மீதிக் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) போல இது மெல்லத் தட்டிவிட்டு அடங்குவதில்லை. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் இருக்கையையே உடைத்துவிட வல்லது.

ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி ஆயில் மட்டத்தைப் பார்க்கிறேன். ஒரு சொட்டு ஆயிலை வடிதாளில் விட்டு ஒரு நாள் கழித்து அந்த வட்டத்தைப் பார்ப்பதும் உண்டு. நடுவில் கரும்புள்ளி இறுகி நின்றால், அழுக்கைத் தாங்கும் திறனை ஆயில் இழந்துவிட்டது என்று பொருள். சீராகப் பரவிய சாம்பல் வட்டமே 7,500 வரை கிடைத்திருக்கிறது. ஒருமுறை வேண்டுமென்றே 10,000 வரை ஓட்டிப் பார்த்தேன். வட்டத்தின் நடுப்பகுதி தெளிவாகக் கறுத்திருந்தது. கார் கையேட்டின் கணக்கில் அதுவும் வரம்புக்குள்தான். ஆனாலும் என் ஓட்டத்தில் பாதி ஊருக்குள், பள்ளிக்கும் கடைக்குமான மூன்று கிலோமீட்டர் பயணம்; இன்ஜின் முழுச் சூடு ஏறாத ஓட்டத்தில் பெட்ரோல் ஆயிலில் கலந்து தங்கும் என்பதால் 7,500 என்பதையே வைத்துக்கொண்டேன்.

அளவெடுக்க எனக்குக் கிடைத்த நல்ல இடம் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் முற்றிலும் இறங்கி, மறுபடி முழுச்சுமையில் ஏற வேண்டும். அடிவாரத்தில் காற்றழுத்தம் 98 கிலோபாஸ்கல், உச்சியில் 88 என ஸ்கேனர் காட்டுகிறது. டர்போ இல்லாத இன்ஜின் அந்தப் பத்து சதவீதத்தை அப்படியே இழக்கும். என் காரிலோ மேனிஃபோல்டு அழுத்தம் (சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அழுத்தம்) ஏறும் வழியெங்கும் முழு ஆக்சிலரேட்டரில் 180 கிலோபாஸ்கலைச் சுற்றியே நின்றது. குறைந்த காற்றை ஈடுகட்ட டர்போ தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. இழப்பு வேறு வழியில் வந்தது. நெடுஞ்சாலையில் 44 டிகிரியாக இருந்த உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், ஏப்ரல் மாத நண்பகலில் 40ஆவது வளைவுக்குள் 58 டிகிரியைத் தொட்டது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று வேண்டும். வளைவுக்கு வளைவு ஊர்ந்து ஏறும்போது அது கிடைப்பதில்லை. அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறைவதோடு, நாக்கிங்கைத் தவிர்க்க இன்ஜின் கணினி இக்னிஷனையும் (பிளக் பொறி விடும் நேரத்தை) நான்கைந்து பாகை பின்தள்ளியதைப் பதிவில் பார்த்தேன். மறுவாரம் அதே சாலையில் விடியற்காலை ஆறு மணிக்கு ஏறியபோது கார் வேறு கார்போல இழுத்தது.

அந்தப் பயணங்களுக்குப் பிறகு ஓட்டும் முறையையும் மாற்றிக்கொண்டேன். முறுக்குவிசை தாராளமாக இருப்பதால் மூன்றாம் கியரிலேயே 1,400 சுற்றில் வளைவைத் திரும்பி ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் கார் ஏறிவிடும். மேலே சொன்ன முன்பற்றுதலுக்கு மிகவும் வாய்ப்பான நிலையும் அதுதான். இரண்டாம் கியருக்கு இறக்கி 2,500 சுற்றில் ஏறினால் சத்தம் கூடுமே தவிர, சிலிண்டருக்குள் சுமை குறைகிறது.

50,000 கிலோமீட்டரில், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படும் எந்த இன்ஜினிலும் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை; இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து கரியாகிறது. எதிர்பார்த்தபடியே கருமையான, விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும் ஒரு படிவு இருந்தது. காற்றுப் பாதையை அடைக்கும் அளவுக்கு இல்லை. மேலைநாடுகளில் அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். அந்தக் கருவி என்னிடம் இல்லாததால், கிராங்க் புல்லி போல்ட்டைத் திருப்பி ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் வால்வுகளும் முழுதாக மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, கரைப்பானை ஊற்றி ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உறிஞ்சி எடுத்தேன். மூன்று சிலிண்டரில் எரிப்புகளுக்கு இடையே 240 பாகை இடைவெளி என்பதால் நிலை மாற்றுவது எளிது. வால்வு சற்றே திறந்திருந்தால்கூடக் கரியும் கரைப்பானும் உள்ளே இறங்கிவிடும் என்பதால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டு நாள் வேலை. ஐடிலில் நடுக்கம் சற்றுக் குறைந்தது. இழுவையில் எந்த மாற்றத்தையும் நான் உணரவில்லை.

மாட்டிய பிறகு நடந்ததைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு கொல்லிமலையின் ஒன்பதாவது வளைவில் கார் சோர்ந்தது, கூடவே காற்று சீறும் ஓசை. ஸ்கேனரைப் பார்த்தால் முழு ஆக்சிலரேட்டரில் 180க்குப் பதில் 110 கிலோபாஸ்கல். பழைய பதிவு கையில் இருந்ததால் டர்போவைச் சந்தேகிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அழுத்தம் உருவாகிறது, வழியில் கசிகிறது என்பது தெளிவாயிற்று. ஓரமாக நிறுத்தித் தடவிப் பார்த்ததில், இன்டர்கூலரிலிருந்து, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு வரும் ஹோஸின் கிளிப்பை நான் அதன் வரம்புக்கு வெளியே வைத்து முறுக்கியிருந்தது தெரிந்தது. அப்படியே ஓட்டியிருந்தால், கசிவை ஈடுகட்ட டர்போ தன் அளவுக்கு மீறிச் சுழன்றிருக்கும். ஆறிய பிறகு கிளிப்பை இடத்தில் வைத்து முறுக்கியதும் 180 திரும்பிவிட்டது. இப்போது எந்த ஹோஸைக் கழற்றினாலும், முதலில் கிளிப் இருந்த இடத்தில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுவிடுகிறேன்.

62,000இல் எடுத்த அளவுகள்: ஆயில் குறைவு 7,500 கிலோமீட்டருக்குச் சுமார் 200 மில்லி, முதல் ஆண்டிலும் அதுவே. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது செயின் ஓசை இல்லை. டர்போவின் காற்று நுழையும் பக்க ஹோஸைக் கழற்றித் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்ததில் பக்கவாட்டு அசைவு மிகக் குறைவு. முன்பின் அசைவு உணரவே இல்லை. 75,000இல் மேனிஃபோல்டை மறுபடி கழற்றி, அந்த 25,000 கிலோமீட்டரில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று பழைய படங்களுடன் ஒப்பிட்டு எழுதுகிறேன்.