அலுமாரிக்குள் எதை வைப்பது?

எங்கள் ஊர்க் கோயில் முன்றலில் அரங்கேறும் வடமோடிக் கூத்துகளை நானும் மச்சானும் பல வருடங்களாக ஒளிப்பதிவு செய்து வருகின்றோம். விடிய விடிய ஆடப்படும் ஒரு கூத்தின் பதிவு இலகுவில் 100 ஜிகாபைட்டைத் தொட்டுவிடும் என்பதால், எல்லாவற்றையும் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தோம். சென்ற வைகாசியில், குளிர்த்திச் சடங்கு முடிந்த மறுநாள், அவற்றில் பழையதொன்றைக் கணினியில் இணைத்தபோது அது பல்லி சொல்வதுபோல் ‘டிக், டிக்’ என்றது. பல்லி சொன்னால் அம்மா சகுனம் பார்ப்பார். இந்தச் சத்தத்துக்கு நானும் பார்த்தேன். சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனை தனக்குரிய தடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தொடக்க இடத்துக்கே போய்வரும் ஓசை அது. மூன்று நாட்கள் விட்டுவிட்டுப் பிரதியெடுத்ததில் ஒரு கோப்புறையைத் தவிர மற்றவை தப்பின. பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தேன்: முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்த தட்டில், தலைமயிர் அளவில் ஒரே ஒரு வட்டக் கீறல்.

‘இனி எஸ்எஸ்டிக்கே மாறிவிடுவோம்’ என்றார் மச்சான். சுழலும் தட்டுக்குப் பதிலாகப் பிளாஷ் எனப்படும் சில்லு நினைவகத்தில் தகவலைப் பதியும் சேமிப்பகம் அது. வேகத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும், முனை நகரும் நேரம் அதற்கு மேல். பிளாஷ் நினைவகத்தில் அசைவதற்கே எதுவுமில்லாததால் அந்தக் காத்திருப்பு 0.1 மில்லிசெக்கன் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, படத்தொகுப்புக்கு எஸ்எஸ்டியைத் தவிர வேறெதையும் இப்போது நான் தொடுவதில்லை. கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிளில் பையோடு குலுங்கிப் போவதற்கும் அதுவே தோதானது.

அலுமாரிக் கதை வேறு. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா உருவாக்கிய இந்தப் பிளாஷ் நினைவகம், மின்காப்புப் படலத்துக்குள் இலத்திரன்களைச் சிறைப்பிடித்தே தகவலை வைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் அந்தப் படலம் சிறிது தேய்கிறது. தேயத் தேய இலத்திரன்கள் கசிவதும் கூடுகிறது. விலையைக் குறைப்பதற்காக இலத்திரன்களைச் சிறைவைக்கும் நுண்ணறையான ஒரு கலத்துக்குள் மூன்று, நான்கு பிட்களைத் திணிக்கிறார்கள். நான்கு பிட் என்றால் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதால், சிறு கசிவும் அங்கே பிழையாகிவிடும். எழுதும் ஆயுள் முடிந்த சாதாரண எஸ்எஸ்டி ஒன்று, மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதே சில்லுத் துறைக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதியது இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் கூடினால் கசிவும் விரைவுபடும், கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் என் அறை 30 பாகையோடு நிற்பதில்லை. போதாததற்கு, பல எஸ்எஸ்டிகள் முன்னறிவிப்பின்றிச் சாகின்றன. நேற்றுவரை வேலை செய்தது, இன்று கணினிக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. பழைய டிஸ்க்காவது பல்லிபோல் சொல்லிவிட்டுப் போனது.

காந்தப் பதிவுக்கு இந்தக் கசிவுத் தொல்லை இல்லை. அதற்கு எதிரி தூசியும் அதிர்ச்சியும் இயந்திரத் தேய்வும். எங்கள் கரையோரத்து உப்புக் காற்றையும் நான் நம்புவதில்லை. எனவே இரண்டு புதிய ஹார்ட் டிஸ்க்குகள் வாங்கி, ஒரே பதிவுகளை இரண்டிலும் ஏற்றி, ஒன்றைக் கல்லடியில் என் வீட்டிலும் மற்றதைக் களுவாஞ்சிகுடியில் மச்சான் வீட்டிலும், ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாக்களில் வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணைத்துச் சுழலவிட்டு, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆவணியில் மச்சான் தன்னுடையதை இணைத்துவிட்டு, கைத்தொலைபேசியை அதன் பக்கத்தில் பிடித்து எனக்குக் கேட்கச் செய்தார். மெல்லிய இரைச்சல் மட்டும்தான் கேட்டது.