1,200 ஆர்பிஎம்மில் இன்ஜின் என்ன செய்யும்?

ஆஃப்ரோடு வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் சொல்வது குதிரைசக்தியைத்தான். இது 150, அது 130 என்று எண்களை அடுக்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று. ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, 1,200 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 1,200 சுற்று), அந்த இன்ஜினுக்கு எவ்வளவு இழுவை (டார்க்) இருக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. விளம்பரத்தில் அந்த எண்ணைப் போடுவதே இல்லை. ஆனால் கல் ரோட்டில் வண்டி ஏறுமா, பாதியில் நின்றுவிடுமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

நான் போடிக்காரன். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குக் கிளம்பும் ஜீப்புகளின் சத்தத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு கொழுக்குமலைக்குப் போய் நிற்கும். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் ரோடு மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. ரோடு என்று சொல்வது பழக்கத்துக்காகத்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பெயர்ந்து கிடக்கும் கற்கள்தான். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் போல ஆகிவிடும். அந்தப் பாதையில் சூரிய உதயம் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளில் பழைய மகிந்திரா மேஜர், கமாண்டர் எல்லாம் உண்டு. அந்தத் தலைமுறை இன்ஜின்களின் சக்தியைக் கேட்டால் இன்றைக்கு யாரும் மதிக்க மாட்டார்கள். எம்எம் 540 ஜீப்பில் இருந்த பீஜோ டீசல் 2,112 சிசி, 62 குதிரைசக்தி. இன்றைய சின்னக் கார்களிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது. அந்தக் காரை அங்கே ஏற்றிப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி), ஃபோர் வீல், டயர் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்ஜினே ஒரு பெரிய காரணம்.

பழைய டீசல் இன்ஜினில் காற்றுக்குக் கதவு கிடையாது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுக்கக் காற்றை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதை மட்டும் பம்ப் முடிவு செய்யும். அந்தப் பம்புக்குள் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. சக்கரம் ஒரு கல்லில் முட்டி இன்ஜின் வேகம் இறங்கும்போது, கவர்னர் தானாகவே கூடுதல் டீசலை விடும். காற்று ஏற்கனவே உள்ளே தயாராக இருப்பதால் அந்த டீசல் உடனே இழுவையாக மாறும். டிரைவர் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டியதில்லை. ஃபோர் வீல் வண்டியில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 'லோ' கியர் தொகுதியில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டு, காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டால் வண்டி நடந்து ஏறும். எங்கள் ஊர் டிரைவர் அண்ணன்மார் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: "மிதிக்காதடா தம்பி, அதுவே ஏறும்."

பெட்ரோல் இன்ஜினில் காற்றுக்குக் கதவு உண்டு. ஐட்லிங்கில் அது அநேகமாக மூடியே இருக்கும். கல்லில் முட்டி வேகம் இறங்கினால் கதவைத் திறக்க வேண்டும், காற்று உள்ளே வர வேண்டும், அதற்குத் தக்க பெட்ரோல் சேர வேண்டும். இன்றைக்கு இதையெல்லாம் கம்ப்யூட்டர் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனாலும் அந்த அரை நொடி வித்தியாசம் கல்மேல் தெரியும். அதை ஈடுகட்ட டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பார். மிதித்ததும் சக்கரம் சுழன்று கல் தெறிக்கும், பிடிமானம் போகும்.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் என்கிற சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய இன்ஜின்களில் அது கனமான இரும்பு. ஒரு தடவை சுற்ற ஆரம்பித்தால் குயவர் சக்கரம் மாதிரி, தடை வந்தாலும் அந்தச் சுற்றிலேயே அடுத்த கல்லைத் தாண்டிவிடும். இன்றைய கார்களில் இன்ஜின் சட்டென்று வேகம் பிடிக்க வேண்டும் என்பதற்காக இதன் எடையைக் குறைத்துவிட்டார்கள். டவுனுக்கு அது நல்லது. கொழுக்குமலைக்கு நல்லதில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ டீசல்தான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலகத்தின் முதல் பெரிய ஜீப்பே பெட்ரோல் வண்டிதான். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 60 குதிரைசக்தி, இழுவை சுமார் 142 நியூட்டன் மீட்டர். பக்கத்தில் மாருதி ஜிம்னியை வைத்துப் பாருங்கள்: 1.5 லிட்டர், 105 குதிரைசக்தி, 134 நியூட்டன் மீட்டர். இழுவை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வில்லிஸ் தன் முழு இழுவையை 2,000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். ஜிம்னி அதைக் கொடுக்க 4,000 வரை போக வேண்டும். சிலிண்டர் பெரிதா சின்னதா, எந்த வேகத்துக்காக வால்வுகளை அமைத்தார்கள் என்பதில் வருகிற வித்தியாசம் இது. பெட்ரோல், டீசல் என்று பிரித்துப் பார்த்தால் இது பிடிபடாது.

அப்புறம் ஜிம்னி எப்படி மலை ஏறுகிறது? எடை. சுமார் 1,200 கிலோதான். கூடவே லோ கியர் இருக்கிறது. லோவில் முதல் கியர் போட்டால் இன்ஜின் இழுவை 36 மடங்கு போலப் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. சின்ன இன்ஜினை நல்ல கியரும் குறைந்த எடையும் காப்பாற்றிவிடும். அதற்கு முன்னால் மாருதி ஜிப்ஸியும் இப்படித்தான் பிழைத்தது. 1.3 லிட்டர், 80 குதிரைசக்தி, நூற்றுச் சொச்சம் நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 4,500 ஆர்பிஎம்மில். காகிதத்தில் பார்த்தால் மலைக்கு ஆகாத வண்டி. ஆனால் வண்டியின் எடை ஒரு டன்தான். நம் ராணுவம் அதைப் பல வருஷம் இமயம் வரை ஓட்டியது.

இமயத்தில் பெட்ரோலுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. கடுங்குளிரில் டீசலில் இருக்கிற மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்ததே 2019-இல்தான். எங்கள் மலையில் அந்தப் பிரச்சினை கிடையாது. மார்கழிப் பனியில் பழைய பீஜோ இன்ஜினுக்கு ஹீட்டர் போட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் போதும்.

உயரத்தை மறந்துவிடக் கூடாது. கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எந்த இன்ஜினாக இருந்தாலும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பழைய மேஜர்கள் மேலே போகப் போகக் கரும்புகை விடுவது இதனால்தான். காற்று குறைந்துவிட்டது, பம்ப் பழைய கணக்கிலேயே டீசலைத் தெளிக்கிறது, மிச்சம் புகையாகிறது. டர்போ இருந்தால் அது வேகமாகச் சுற்றி இந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். லடாக்கின் கார்துங் லா கணவாய் போல பதினேழாயிரம் அடிக்கு மேலே போகிறவர்களுக்கு டர்போ ஆடம்பரமே இல்லை.

மணலுக்கு வந்தால் நான் இதுவரை சொன்னது பெரும்பாலும் தலைகீழாகிவிடும். 2017-இல் ரோடு வருவதற்கு முன் தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் சேற்றிலும்தான் வண்டி போக வேண்டும். மணலில் நடந்து ஏறுகிற வேலை நடக்காது. நின்றால் புதையும், கியர் மாற்ற ஒரு நொடி எடுத்தாலும் வேகம் விழுந்து புதையும். பெட்ரோல் இன்ஜினின் பலம் இங்கே தெரியும். இரண்டாவது கியரில் போட்டால் 6,000 ஆர்பிஎம் வரை தயங்காமல் சுற்றும், கியரைத் தொட வேண்டாம். டீசல் 4,000-ஐ நெருங்கும்போதே மூச்சு முட்டி அடுத்த கியரைக் கேட்கும். சேற்றிலும் இதேதான், டயர் பள்ளத்தில் சேறு அடைத்துக்கொண்டால் வேகமாகச் சுற்றித்தான் உதற வேண்டும். ஆஃப்ரோடு போட்டிகளில் ஜிப்ஸியை இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்றால் எடையோடு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் அக்கா மகன் போன வருஷம் கேட்ட கேள்வியால் மறுபடி யோசித்தது. சென்னையில் ஐடி வேலை. "மாமா, மகிந்திரா தார் எடுக்கப் போறேன். பெட்ரோலா டீசலா?" என்றான். நான் டீசல் என்றுதான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறான். நான் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் என்றேன்.

தார் ஃபோர் வீலில் 2.2 லிட்டர் டீசல் 300 நியூட்டன் மீட்டரை 1,600-இல் இருந்து கொடுக்கிறது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 320-ஐ 1,500-இல் இருந்தே கொடுக்கிறது. ஜிப்ஸி காலத்துப் பெட்ரோல் இல்லை இது. டர்போ சுற்ற ஆரம்பிப்பதற்கு முன், 1,200-க்குக் கீழே, டீசலுக்குத்தான் இன்னும் வலு அதிகம். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். வண்டி நின்ற நிலையில் இருந்து நகரும்போது அது எண்ணெயின் வழியாக இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிறது, இன்ஜினும் அணையாது. மேனுவல் கியர் பெட்ரோல் என்றால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போது கியர்பாக்ஸையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவனுக்குப் பெட்ரோல் சொன்னதற்கு முக்கியமான காரணம் வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்கிற ஃபில்டர் வந்துவிட்டது. கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அதை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு வண்டி நல்ல வேகத்தில், ஹைவேயில், இருபது நிமிஷம் போல ஓட வேண்டும். தினமும் ஓஎம்ஆர் நெரிசலில் ஊர்ந்து, லீவுக்கு வந்தால் மலையில் லோ கியரில் ஊர்கிறவனுக்கு அந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டேதான் இருக்கும். டீசலுக்கு மிகவும் பிடித்த வேலை மெதுவாக ஏறுவது. அந்த வேலையைத்தான் இன்றைய டீசலின் ஃபில்டர் வெறுக்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

ஃபில்டர் எரியும்போது சைலன்சர் பக்கம் கடுமையாகச் சூடாகும். அந்த நேரத்தில் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்று பார்த்த ஊர் எங்களுடையது. அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கோடையில் மலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் எனக்கு மனசு கேட்காது.

தண்ணீரில் டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை என்பது நல்லதுதான். நனைந்து அணைந்துபோகும் கதை கிடையாது. ஆனால் காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போனால் இரண்டு இன்ஜினும் போச்சு. டீசலில் கம்ப்ரெஷன் அதிகம் என்பதால் கனெக்டிங் ராடு வளைவது இன்னும் மோசமாக இருக்கும். ஓடையில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இறக்கத்தில் பெட்ரோலுக்கு இன்ஜின் பிரேக் கிடையாது என்கிறார்கள். அது சரியில்லை. காற்றுக் கதவு மூடிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தத்தான் செய்யும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்கிற பழைய பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

அக்கா மகன் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்தான் எடுத்தான். லோ கியரில் அது பெட்ரோலைக் குடிக்கிற வேகத்தைப் பார்த்துக் கொஞ்சம் மலைத்துப் போனான். மலைக்குள் பங்க்கை நம்பாமல் போடியிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பு என்று சொல்லியிருக்கிறேன். மாதம் முழுக்க எஸ்டேட்டுக்குள் சாமான் ஏற்றுகிற ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் டீசல் மேனுவல் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஏறும்போது எடை கூடுகிறது, அங்கே 1,200-இல் கிடைக்கிற வலு ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்காகிறது. பாரம் ஏற்றினால் சின்ன பெட்ரோல் இன்ஜின் திணறுவதைச் சின்னச் சின்ன ஏற்றத்திலேயே பார்த்துவிடலாம்.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் ஹைவேயில் நூறு தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். ஒரு செங்குத்தான மண் ஏற்றத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கு முன்னால் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு கல்லை வையுங்கள். லோவில் முதல் கியர் போட்டு, கிளட்ச்சையோ பிரேக்கையோ மெதுவாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் அந்தக் கல்லை ஏறுகிறதா என்று பாருங்கள். அணைந்துவிட்டால், எவ்வளவு மிதித்தால் ஏறுகிறது, ஏறி முடித்ததும் எவ்வளவு துள்ளுகிறது என்று பாருங்கள். ஏசியைப் போட்டு இன்னொரு தடவை.