திவின்சாவில் ஒரு சதுர கிலோமீட்டர்

நில அளவைப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியவனுக்கு, பத்திரத்தில் இருக்கும் ஓடை நிலத்தில் இல்லாமல் போவது புதிய செய்தி அல்ல. கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் "ஓடைக்குத் தெற்கு" என்று எழுதியிருக்கும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் அங்கே இரண்டு ஓடைகள் ஓடும். பங்காளிகள் இருவரும் ஆளுக்கொரு ஓடையைக் காட்டி, அதுதான் தாத்தா காலத்து ஓடை என்று சத்தியம் செய்வார்கள். பெரு, ஈக்வடார் ஆகிய இரு நாடுகளும் ஏறத்தாழ இப்படியொரு சிக்கலில் அரை நூற்றாண்டு மல்லுக்கு நின்று, கடைசியில் அதிலிருந்து மீண்டு வந்தன என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் விரிவாகப் படித்தேன்.

1941இல் நடந்த போரில் பெரு வென்றது. அடுத்த ஆண்டு ஜனவரி 29 அன்று, ஈக்வடாரின் தென்பகுதியில் பெருவின் படைகள் இன்னும் முகாமிட்டிருந்த நிலையில், ரியோ டி ஜெனிரோவில் எல்லை உடன்படிக்கை கையெழுத்தானது. அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளும் அதற்கு உத்தரவாதம் அளித்தன. உலகப் போர் அமெரிக்கக் கண்டத்தின் வாசலுக்கு வந்துவிட்டிருந்த வேளையில், அண்டை வீட்டுத் தகராறு ஒன்று நீடிப்பதை அந்த நான்கு நாடுகளும் விரும்பவில்லை. வல்லான் வகுத்த வாய்க்கால் என்றே ஈக்வடார் மக்கள் அந்த உடன்படிக்கையைக் கடைசி வரை கருதினார்கள்.

கொண்டோர் மலைத்தொடரில் எல்லை எப்படிப் போக வேண்டும் என்று அந்த உடன்படிக்கை சொன்ன இடத்தில்தான் வினை தொடங்கியது. சமோரா ஆற்றுக்கும் சாந்தியாகோ ஆற்றுக்கும் இடையே மழைநீர் இரு பக்கமும் பிரிந்து வழிகிற முகடே எல்லை என்று எழுதினார்கள். 1947இல் அமெரிக்க விமானங்கள் எடுத்த படங்களைக் கொண்டு வரைபடம் தயாரித்தபோது, அவ்விரு ஆறுகளுக்கும் நடுவே செனெப்பா என்ற ஆறு அதுவரை எண்ணியிருந்ததைவிட வெகு நீளமாக ஓடுவது தெரிந்தது. நடுவில் ஓர் ஆறு இருந்தால் முகடு ஒன்றல்ல, இரண்டு. உடன்படிக்கை குறிப்பிடும் எல்லை தரையிலேயே இல்லை என்று சொல்லி, ஈக்வடார் கல் நடுவதை நிறுத்திக்கொண்டது. எஞ்சி நின்ற தூரம் வெறும் 78 கிலோமீட்டர்தான். ஆனால் 1960இல் உடன்படிக்கை முழுவதுமே செல்லாது என்று ஈக்வடார் அறிவித்தது. அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் வரைந்து பழகிய தேசப் படம், இழந்த நிலத்தையும் சேர்த்து, கிழக்கே அமேசான் வரை நீண்ட முக்கோணமாகவே இருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் கையால் வரைந்த படத்தை மனிதன் எளிதில் மறப்பதில்லை.

1981இல் ஒரு மோதல் நடந்தது. 1995 ஜனவரி, பிப்ரவரியில் செனெப்பா ஆற்றின் தலைப்பகுதியில் மூண்டது முழுப் போர். காட்டுக்குள் இருந்த திவின்சா என்ற சிறு காவல்தளத்தைப் பிடித்துவிட்டதாகப் பெரு அதிபர் ஃபுஜிமோரி அறிவித்தார். ஈக்வடார் அதை அடியோடு மறுத்தது. அந்தப் பெயர் இரு நாடுகளிலும் வீரத்தின் சின்னமாகிவிட்டது. இந்தப் போரில் தாங்கள் தோற்கவில்லை என்ற எண்ணம் ஈக்வடார் மக்களிடம் வேரூன்றியதே பின்னால் வந்த சமாதானத்துக்கு வழி திறந்தது என்பது என் எண்ணம். தோற்றவனாக 1942இல் போட்ட கையெழுத்தை அவர்களால் விழுங்க முடியவில்லை. சமமாக நின்றவர்களாக 1998இல் பேச முடிந்தது.

போர் நின்றதும், உத்தரவாத நாடுகளின் இராணுவப் பார்வையாளர்கள் காட்டுக்குள் வந்து இரு தரப்புப் படைகளையும் விலக்கிவைத்தார்கள். அதன் பிறகு மூன்றாண்டுக்கு மேல் பேச்சு நீண்டது. 1998இல் மறுபடியும் துப்பாக்கி வெடிக்கும் நிலை வந்தபோது, புதிதாகப் பதவியேற்ற ஈக்வடார் அதிபர் மஹுவாதும் ஃபுஜிமோரியும், மிச்சமிருந்த எல்லைக்கோட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பை உத்தரவாத நாடுகளிடமே விட்டுவிட்டார்கள். முடிவு என்ன என்று தெரிவதற்கு முன்பே அதை ஏற்பதாக இரு நாட்டு நாடாளுமன்றங்களும் வாக்களித்தன. என் அனுபவத்தில், பங்காளிகளும் இப்படித்தான் இறங்கி வருவார்கள். "அண்ணன் சொல்லி நான் விடவில்லை, சர்வேயர் அளந்துவிட்டார்" என்று வீட்டில் போய்ச் சொல்ல ஒரு வழி வேண்டும். அந்தப் பழியைச் சுமப்பதும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

1998 அக்டோபர் 26 அன்று பிரேசிலியாவில் கையெழுத்தான தீர்வின்படி, எல்லை கொண்டோர் மலைமுகட்டின் வழியே, பெரு கேட்டபடியே அமைந்தது. திவின்சா பெருவின் பக்கம் போயிற்று. ஆனால் அங்கே ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 247 ஏக்கர், ஈக்வடார் அரசுக்குத் தனிச் சொத்தாகக் கொடுக்கப்பட்டது. நம் வழக்கில் சொன்னால், கிராமம் பெருவினுடையது, பட்டா ஈக்வடார் பெயரில். சட்டமும் இறையாண்மையும் பெருவுக்கே. அந்த நிலத்தில் ஈக்வடார் காவலரையோ படையினரையோ நிறுத்த முடியாது. மாண்டவர்களை நினைவுகூர்ந்து சடங்கு நடத்தலாம். கோடு எங்கே போகிறது என்பதும், இறந்த பிள்ளைகளின் மண் யாருடையது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று கண்டுகொண்டவர் யாரோ, அவர் கைதேர்ந்தவர். நான் அளந்த ஆயிரக்கணக்கான புலங்களில் ஒன்றிலாவது இப்படிப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

இது எல்லோருக்கும் இனித்தது என்று சொல்ல முடியாது. ஈக்வடாருக்கு அமேசானிலும் அதன் கிளையாறுகளிலும் கப்பல் செல்லும் உரிமையும் வணிக மையங்களும் தரப்பட்டதை எதிர்த்து, பெருவின் இகிட்டோஸ் நகரில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. ஈக்வடாரிலோ, பாதி நாட்டை விற்றுவிட்டதாக ஏசியவர்கள் உண்டு. வங்கிகள் கவிழ்ந்த பொருளாதார நெருக்கடியில் மஹுவாத் 2000 ஜனவரியில் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஊழல் புகார்களுக்கு நடுவே ஃபுஜிமோரியும் போனார். கையெழுத்திட்ட இருவரும் போன பிறகும் கோடு அசையவில்லை. அந்த மலையின் இரு பக்கமும் வாழும் ஷுவார், வாம்பிஸ், அவஹுன் மக்களுக்கு அது முதலிலிருந்தே பிறர் போட்ட கோடுதான்.

கடைசி எல்லைக்கல் 1999 மே மாதம் நடப்பட்டது. அதோடு வேலை முடியவில்லை. 1995இல் இரு படைகளும் புதைத்த கண்ணிவெடிகள் மண்ணுக்குள் இருந்தன. நாங்கள் ஒரு கல்லை நட்டால் அதன் தூரத்தைப் புலப்படத்தில் குறித்து வைப்போம். அவசரத்தில் புதைத்த கண்ணிக்கு அப்படி நம்பகமான படம் ஏது? போதாக்குறைக்கு, ஓயாத மழையில் சரிவு மண் நகர்ந்து, கண்ணியும் இடம் மாறுகிறது. சாலை இல்லாத அந்தக் காட்டில் ஹெலிகாப்டரில் இறங்கி, இரு நாட்டு இராணுவத்தினரும் ஒரே அணியாகச் சேர்ந்து, முழங்காலிட்டு, ஒரு கோலால் சாய்வாகக் குத்திக் குத்தி நிலத்தைத் தேடிப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் தம் படையே புதைத்ததை, எதிர்ப்படையாக இருந்தவர் பக்கத்தில் இருக்க, ஒரு சாண் ஒரு சாணாகத் தோண்டி எடுத்தார்கள். நாளெல்லாம் உழைத்தாலும் ஒரு ஆள் சுத்தம் செய்வது சில சதுர மீட்டர்தான்.