பென்சிலை வைத்துவிட்டுத் தண்ணீரோடு நான்கு மாதம்

பதினொரு வருடமாகப் பென்சிலில் முகம் வரைகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டங்களிலோ யாராவது காலமாகிவிட்டால், கருமாதிக்கு முன்னால் ஒரு பழைய அடையாள அட்டைப் படம் என் கைக்கு வந்து சேரும். படத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டம், தாளில் அதே கட்டம் பெரிதாக. ஒரு கட்டத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். மூன்று இரவில் முகம் வந்துவிடும். மூக்குத்திக் கல்லில் விழும் வெளிச்சம்வரை வரும். படத்தை வாங்கும்போது அந்த வீட்டு ஆட்கள் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நிமிடத்துக்காகவே இந்த வேலையை நான் விடமாட்டேன்.

ஆனால் போன வருடக் கடைசியில் ஒன்று உறுத்தத் தொடங்கியது. போட்டோவும் கட்டமும் இல்லாமல் என்னால் எதையுமே வரைய முடியவில்லை. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே இருக்கிற எங்கள் லயத்து (வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நின்றால் மூன்று அடுக்கு மலை தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. அதை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. மலைக்கு எங்கே கட்டம் போடுவது?

சித்திரத்துக்குரிய ஆசிரியர் ஒருவர் நான் படிப்பிக்கிற பாடசாலையில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "டீச்சர், உங்களுக்குக் கை பிரச்சினை இல்ல, அழிறப்பர்தான் பிரச்சினை. அழிக்க முடியாத ஒன்ன எடுங்க" என்றார். அப்படித்தான் வாட்டர்கலருக்கு வந்தேன். ஏப்ரல் விடுமுறையில் ஹட்டனுக்குப் போய் 12 டியூப் உள்ள ஒரு பெட்டி, ஒரு பெரிய வட்டத் தூரிகை, ஒரு சின்னத் தூரிகை வாங்கினேன். ஓகஸ்ட் முடியும்வரை பென்சிலைத் தொடுவதில்லை என்று முடிவு. கருமாதிப் படம் கேட்டு வந்தவர்களை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. அது வேறு.

ஏப்ரல் கடைசி

முதல் ஆறு தாளும் பாழ். காரணம் தாள்தான். பிள்ளைகள் பயன்படுத்துகிற சித்திரக் கொப்பித் தாளில் தொடங்கினேன். தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்தது. வர்ணம் பள்ளத்தில் ஓடித் தேங்கியது. இரண்டாம் தடவை தூரிகை பட்டதும் மேல்தோல் உரிந்து உருண்டை உருண்டையாக வந்தது. அப்புறம்தான் 300 கிராம் தாள் என்று கேட்டு வாங்கினேன். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அது. அதிலும் மரக்கூழில் செய்தது, பருத்தியில் செய்தது என்று இரண்டு உண்டு. பருத்தித் தாள் விலை கூட. ஆனால் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல விடும், தேய்த்தாலும் தாங்கும். பழகுவதற்கு மலிவான தாள் போதும் என்று பலரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். தாள் சரியில்லாவிட்டால் பிழை உங்களுடையதா தாளுடையதா என்று கடைசிவரை தெரியாது. நான் ஒரு பெரிய பருத்தித் தாளை வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டேன். துண்டு சின்னதாக இருந்ததும் பயமும் கொஞ்சம் குறைந்தது.

பென்சிலில் நான் இருட்டிலிருந்துதான் தொடங்குவேன். முதலில் கண்மணி, பிறகு மற்றது. வெளிச்சம் வேண்டிய இடத்தை அழிறப்பரால் கடைசியில் எடுத்துவிடலாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான். முதல் நிமிடத்திலேயே எதைத் தொடக்கூடாது என்று தீர்மானித்துவிட வேண்டும். மே தொடக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்த்து வரையப் போனபோது இதைத்தான் மறந்தேன். 80 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர். சுற்றியுள்ள பாறையை ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்டே போனேன். முடித்துப் பார்த்தால் தண்ணீருக்கு என்று தாளில் இடமே மிச்சமில்லை.

மே, ஜூன்

மே மாதத்தோடு தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். எங்கள் பக்கத்து மலைகளுக்கு அதுதான் பெரிய மழை. ஈரம் எல்லாவற்றிலும் ஏறும். கொடியில் போட்ட பாவாடை மூன்று நாளானாலும் காயாது. என் படமும் காயவில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். எழுதி வைக்காவிட்டால் மனம் ஆறாது. ஒரே அளவுத் தண்ணீர், ஒரே அளவுத் தாள், ஒரே மேசை. ஏப்ரல் கடைசியில் நடுப்பகலில் காய 12 நிமிடம். ஜூன் நடுவில், மழை விடாத ஒரு பின்னேரம், 1 மணி 40 நிமிடம். பாதி காய்ந்தபோது பொறுக்க முடியாமல் தூரிகையை வைப்பேன். வைத்த இடத்தில் விளிம்பு கிழிந்த பூ மாதிரி ஒரு கறை விரியும். தாளில் இருப்பதைவிடத் தூரிகையில் தண்ணீர் கூடினால், அந்தத் தண்ணீர் வெளியே பரவும்போது பாதி காய்ந்த வர்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்த்துவிடும். காரணம் தெரிந்தபிறகும் மூன்று வாரம் அதே பிழையைத்தான் செய்தேன்.

ஹெயார் டிரையர் பிடித்துப் பார்த்தேன். காற்று, வர்ணத்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. ஒரு நாள் அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டேன். என் பாட்டி, அம்மாயி, பார்த்துவிட்டார்.

"என்னா புள்ள, கருவாடா காயப்போடுற? தாளு அது. அது பாட்டுக்குக் காயட்டும், விடு."

படத்தில் புகை படிந்து மூலையெல்லாம் பழுப்பு. அதன் பிறகு அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவில்லை.

இன்னொன்று, எங்கள் மாதிரி ஈர ஊர்களில் இருப்பவர்களுக்காகவே சொல்கிறேன். வர்ணத் தட்டை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள். வர்ணத்தைப் பிடித்து வைப்பது ஒரு வகைக் கருவேலம் பிசின். பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு. ஒரே வாரத்தில் என் மஞ்சள்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு பூத்திருந்தது. இப்போது தட்டைத் திறந்தே காயவிடுகிறேன். தாளைப் பிஸ்கட் டின்னில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன்.

பச்சை நிறத்தோடு பட்டதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் இருந்த பச்சையை அப்படியே எடுத்துத் தேயிலை மலையில் பூசினேன். பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்தது. ஒரு ஞாயிறு முழுக்க எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற செடியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை, வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி. முற்றிய இலை கரும்பச்சை, ஆனால் மேல்பக்கத்தில் வானம் பட்டு நீல வெள்ளையாக மினுங்குகிறது. செடியின் அடியில் பச்சையே இல்லை; வெறும் செம்பழுப்பு. கவ்வாத்து வெட்டிய மலை என்றால் சாம்பல்தான். பிறகு பச்சை டியூபை ஒதுக்கிவிட்டு அல்ட்ராமரீன் நீலத்தோடு மஞ்சள் காவியைக் கலந்தேன். கொழுந்துக்கு மட்டும் எலுமிச்சை மஞ்சள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, போட்டோ இல்லாமல், கண்ணால் பார்த்த ஒன்று என் தாளில் இருந்தது.

ஜூலை

மழை. கொழுந்து எடுக்கிறவர்கள் தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டிக்கொண்டு போகிற மாதம். பத்து மணிக்குக்கூட எதிர் மலை தெரியாது. பனிமூட்டத்தை வரைந்தே தீருவது என்று பிடித்துக்கொண்டேன். ஒன்பது படம் வரைந்தேன். ஒன்பதும் மலையை ஒழுங்காக வரைந்துவிட்டு மேலே வெள்ளை பூசின மாதிரி இருந்தன. பனி தெரியவில்லை, அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலை தெரிந்தது.

அம்மாயி பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். 34 வருடம் கொழுந்து எடுத்தவர். ஒன்பதையும் தரையில் வரிசையாகப் பரப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பனி எறங்குனா இவ்வளவெல்லாம் தெரியாது புள்ள."

"பின்ன என்ன தெரியும் அம்மாயி?"

"கையிக்கு எட்டுற செடி நல்லாத் தெரியும். பக்கத்து நெரைல நிக்கிற ஆளு நெழலாட்டம். அதுக்கு அடுத்த நெரைன்னா ஆளு இல்ல, கொரலு மட்டுந்தான். 'ஏய், இருக்கியா?'ன்னு கேப்போம். 'இருக்கேன்'னு வரும். அவ்வளவுதான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினொரு வருடமாக நான் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் காட்டுவதற்கு. சுருக்கம், மயிர், மூக்குத்திக் கல் எதையும் விடாமல். அந்தக் கை, தெரியாததையும் சேர்த்தே வரைந்துகொண்டிருந்தது. அங்கே மலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் போட்டேன். கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

மறுநாள் செய்த முறை இது. தாளை முழுவதும் நனைத்தேன். அல்ட்ராமரீனோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் ஒரு நல்ல சாம்பல் வரும். அதை நிறையத் தண்ணீரில் கரைத்து மேலே விட்டேன். அல்ட்ராமரீன் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கிப் புள்ளி புள்ளியாக நிற்கும். அந்தச் சொரசொரப்புதான் பனிக்கு உயிர். (ஒரு காலத்தில் அந்த நீலத்தை ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டிய கல்லை அரைத்தே எடுத்தார்கள். 1820களின் கடைசியில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்ய வழி கண்ட பிறகுதான் மலிவானது. என் பெட்டியில் இருப்பது அந்த வகை.) பிறகு காத்திருந்தேன். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தால் மேலே தண்ணீரின் பளபளப்புத் தெரியும். பளபளப்பு மங்கி, ஆனால் தொட்டால் இன்னும் குளிர்ந்திருக்கிற நேரத்தில் இரண்டு சவுக்கு மரங்களைக் கொஞ்சம் கெட்டியான வர்ணத்தில் வைத்தேன். ஓரம் மெதுவாகக் கரைந்து அப்படியே நின்றது. முழுக்கக் காய்ந்தபின் முன்னால் ஒரே ஒரு நிரை தேயிலை, கூர்மையாக.

இந்தப் பளபளப்பு மங்குகிற நேரம் வறண்ட ஊரில் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுமாம். எனக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. இரண்டு மாதமாக எந்த ஈரத்தோடு சண்டை போட்டேனோ, அந்த ஈரம்தான் எனக்கு அவகாசம் தருகிறது. ஹெயார் டிரையரைத் தங்கையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதே மாதத்தில் ஒரு பக்க வேலையும் நடந்தது. துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் சில துளியைக் கடும் சாயத்தில் விட்டேன். கண் முன்னாலேயே தேயிலைச் சாயம் செம்பழுப்பிலிருந்து கறுப்பானது. தேயிலையில் இருக்கிற டனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து செய்கிற வேலை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக எழுதிய மை இதே விதமானதுதான். அவர்கள் தேயிலைக்குப் பதிலாகக் கருவாலி (ஓக்) மரத்தில் விளையும் காய்ப்பு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். கொழுந்துக் கூடைகளை இந்த மையில் வரைந்தேன், மிக அழகாக வந்தது. ஆனால் நாளாக நாளாக இந்த மை தாளை அரிக்கக்கூடியது. அதனால் யாருக்கும் கருமாதிப் படத்தை இதில் செய்து கொடுக்கமாட்டேன். அதற்குப் பென்சில்தான். பென்சிலில் இருக்கிற காரீயமும் (கிராபைட்) களிமண்ணும் தாளை ஒன்றும் செய்யாது.

ஓகஸ்ட்

மொத்தம் 61 துண்டுத் தாள். அதில் நான்கை வைத்துக்கொண்டேன். மற்றவற்றின் பின்பக்கத்தில் வர்ணக் கலவை பழகுகிறேன்.

நான்கில் ஒன்று: பனி, ஒரு நிரைச் செடி, நிழலாக ஒரு ஆள், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. அம்மாயி அதைக் கையில் வாங்கி, கொஞ்சம் தூரமாகப் பிடித்து, "இது எட்டாம் நம்பர் மலை" என்றார். நான் அந்த மலையை நினைத்து வரையவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் இல்லை. நிழலாக நின்ற அந்த ஆளின் பெயரையும் சொன்னார். அவர் இறந்து இருபது வருடமாகிறது. அவருக்குப் போட்டோ எதுவும் இல்லையாம்.

போன ஞாயிறு அடுத்ததைத் தொடங்கினேன். முகம், வாட்டர்கலரில், போட்டோ இல்லாமல், எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து. அம்மாயிதான் சம்மதித்தார். ஆனால் அசையாமல் இருக்கமாட்டார். கோழியை விரட்டுகிறார், பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களோடு பேசுகிறார், வெற்றிலை மடிக்கிறார். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது நெற்றிக்கு மேலே ஒரு வெள்ளை, கன்னத்தின் நிழல், தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றின விரல்கள். கண் இன்னும் வரவில்லை. அந்த இடத்தைத் தாளாகவே விட்டு வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு மழை இல்லாவிட்டால் இஸ்தோப்பிலேயே உட்காரச் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அங்கே வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும்.