மொழிபெயர்ப்பாளராக இருந்த மேயரைத் தேடி: நியூயார்க்கில் மூன்று நாள்

எல்லிஸ் தீவின் பதிவுக் கூடத்தில் நான் அரை மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். உயர்ந்த வளைகூரை, பெரிய ஜன்னல்கள், மெல்லப் பேசினாலும் பெருகி ஒலிக்கும் கூடம். 1907ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தத் தீவின் வழியாக அமெரிக்காவுக்குள் போயிருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் ஃபியோரெல்லோ லாகார்டியா என்ற இளைஞர் இங்கே மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் 12 ஆண்டுகள் நியூயார்க்கின் மேயராக இருந்தவர். ஊரே விமான நிலையத்தின் பெயராகத்தான் அவரை அறியும். எனக்கு அவர் முதலில் மொழிபெயர்ப்பாளர். நானும் சில ஆண்டுகள் மருத்துவமனைகளில் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். முடிவெடுப்பது டாக்டர். ஆனால் நோயாளியின் தாய்மொழியில் அந்த முடிவைச் சொல்லும் வாய் நம்முடையது. அவர்கள் அழும்போது பார்ப்பதும் நம் முகத்தைத்தான்.

தீவில் நடந்ததும் அதுதான். டாக்டர்கள் பொத்தான்கொக்கியால் இமையைப் புரட்டிப் பார்த்து, சந்தேகம் வந்தால் மேலங்கியில் சுண்ணாம்புக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதிவிடுவார்கள். ட்ரகோமா என்ற கண்நோய் இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். குழந்தைக்கு நோய் என்றால், தாயும் கூடவே திரும்புவதா, மற்ற பிள்ளைகளோடு இங்கேயே தங்குவதா? அந்தக் கேள்வியை அவர்கள் மொழியில் கேட்டவர் லாகார்டியா. இத்தாலியம், ஜெர்மன், குரோவேஷியம், இத்திஷ் எல்லாம் அவருக்குத் தெரியும். இங்கே மூன்றாண்டுகள் வேலை செய்தும் அந்தத் துயரம் தனக்குப் பழகவேயில்லை என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். பகலில் தீவு, மாலையில் சட்டக் கல்லூரி என்று படித்து 1910இல் வழக்கறிஞரானார்.

தீவுக்கு வருமுன் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகப் பிடித்தது. அப்போது அவர் ஆஸ்திரிய-ஹங்கேரியத் துறைமுகமான ஃபியூமேயில் அமெரிக்கத் தூதரக முகவர், வயது இருபதுகளின் தொடக்கம். கடல் கடந்து போனபின் திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் கதியை யோசித்தார். கப்பலேறுமுன்பே ஒவ்வொருவரையும் டாக்டர் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் கப்பலின் சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்திட மாட்டேன் என்று கப்பல் நிறுவனங்களிடம் உறுதியாக நின்றார். அவர்கள் கத்தினார்கள், அவர் அசையவில்லை. நிலத்தை விற்று டிக்கெட் வாங்கியவனை நடுக்கடல் தாண்டியபின் திருப்புவதைவிட, கரையிலேயே சொல்லிவிடுவது கருணை.

மறுநாள் கிரீனிச் வில்லேஜ். 1882 டிசம்பர் 11இல் அவர் பிறந்தது இந்தப் பகுதியில். தந்தை அக்கிலே, இத்தாலியிலிருந்து வந்த இசைக்கலைஞர். தாய் ஐரீன், திரியெஸ்தேயைச் சேர்ந்த யூதப் பெண். தந்தை ராணுவ இசைக்குழுத் தலைவர் என்பதால் மகன் வளர்ந்தது அரிசோனாவில். லாகார்டியா பிளேஸ் தெருவில் நீல் எஸ்டர்ன் செய்த அவரது வெண்கலச் சிலை 1994 முதல் நிற்கிறது. நிற்கிறது என்பதே தவறு: வாய் திறந்து, கைகள் தட்டியபடி நடக்கிறது. ஐந்தடி இரண்டங்குல மனிதர். ஃபியோரெல்லோ என்றால் இத்தாலியத்தில் சின்னப் பூ. நகரமும் அவரைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிட்டது. 1945 ஜூலையில் விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் நாளிதழ்கள் வராமல்போக, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் ஏமாந்துபோவார்களே என்று வானொலியில் சித்திரக்கதைகளை நடித்தே வாசித்த குரல் இந்தத் திறந்த வாயிலிருந்து வந்ததுதான்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் அவென்யூ ஏ அருகே ‘ஃபர்ஸ்ட் ஹவுசஸ்’. 1935 டிசம்பரில் திறக்கப்பட்ட, நகரத்தின் முதல் பொதுக் குடியிருப்பு, அதாவது அரசே கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள். நெருக்கியடித்து நின்ற பழைய வீடுகளில் மூன்றுக்கொன்றை இடித்து, மற்றவற்றுக்குக் காற்றும் வெளிச்சமும் தருவதே முதல் திட்டம். லாகார்டியாவின் முதல் மனைவி தேயாவும் பச்சைக் குழந்தையான மகளும் 1921இல் அடுத்தடுத்து இறந்தார்கள். தேயாவைக் கொண்டுபோனது காசநோய். அந்தச் செங்கல் சுவருக்கும் முற்றத்து மரங்களுக்கும் முன்னால் நிற்கும்போது அதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதே நடையில் 14ஆம் தெருவரை போனால் ஸ்டைவசன்ட் டவுன் என்ற பெரிய குடியிருப்பு வளாகம் வந்துவிடுகிறது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு 1943இல் செய்த ஒப்பந்தத்தால் எழுந்தது. கறுப்பின மக்களுக்கு வீடு தருவதில்லை என்று நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லியும் மேயர் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் போர்க்காலத் தடுப்பு முகாம்களிலிருந்து விடுபட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் நியூயார்க்கில் குடியேறுவதையும் 1944இல் எதிர்த்தார். கதவருகே நின்று பிறர் துயரத்தைப் பேசியவர், இங்கே கதவைச் சாத்தியவர்களோடு நின்றுவிட்டார். அவரை நேசிப்பதால்தான் இதை எழுதாமல் தாண்ட எனக்கு மனமில்லை.

மூன்றாம் நாள் பிராங்க்ஸ். ஆர்தர் அவென்யூ சந்தை 1940இல் அவர் திறந்த உள்ளரங்கச் சந்தைகளில் ஒன்று. தொங்கும் பாலாடைக்கட்டிகள், ஆலிவ் வாடை, உரக்கப் பேசும் கடைக்காரர்கள். சுத்தம், போக்குவரத்து என்று காரணம் சொல்லித் தெருவிலிருந்த தள்ளுவண்டிகளை அகற்றி வியாபாரிகளைக் கூரைக்குள் கொண்டுவந்தார். கடை கிடைத்தவர்கள் பிழைத்தார்கள், எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒரு கடையில் ஆர்ட்டிசோக் குவிந்திருந்ததைப் பார்த்து மனம் மலர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு இத்தாலியக் குடும்பங்கள் தவறாமல் வாங்கும் காய் அது. சிரோ டெர்ரனோவா என்ற தாதா அதன் மொத்த வியாபாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். 1935 டிசம்பர் 21 விடியற்காலையில் பிராங்க்ஸின் மொத்தச் சந்தைக்கே போய், எக்காளம் ஊதச் செய்து, ஆர்ட்டிசோக் விற்பனைக்குத் தடை என்று மேயர் அறிவித்தார். தாதாவின் பிடி தளர்ந்து விலை இறங்கியது. சில நாளிலேயே தடையும் போனது. ஊழலில் சிக்கிய மேயர் ஜிம்மி வாக்கர் 1932இல் பதவி விலகியபின், 1933 தேர்தலில் வென்று, 1934 புத்தாண்டு நாளில் பொறுப்பேற்றவர் லாகார்டியா. தங்கள் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சமையல்கட்டில் உணர்த்தியது அந்தக் காய் என்று எனக்குத் தோன்றுகிறது.

4ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தம் வுட்லான். அதை ஒட்டியே கல்லறைத் தோட்டம். வரைபடம் வாங்கிக்கொண்டு நடந்தேன். வழியில் கோடீஸ்வரர் வுல்வொர்த்தின் எகிப்தியக் கோயில் போன்ற மண்டபம், வாசலில் ஸ்பிங்க்ஸ் சிலைகள். லாகார்டியாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1947 செப்டம்பர் 20 அன்று, 64 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்தபோது அவர் விட்டுப்போனது 8,000 டாலர் போர்க்காலக் கடன்பத்திரங்களும் அடமானத்தில் இருந்த ஒரு வீடும்தான்.

அங்கே நிற்கும்போது மேயரைவிட அவருடைய அக்கா ஜெம்மாதான் நினைவில் இருந்தார். ஹங்கேரியர் ஒருவரை மணந்து புடாபெஸ்டில் வாழ்ந்தவர். 1944இல் நாஜிகள் அவரைப் பிடித்து ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் அடைத்தார்கள். கணவர் மௌத்ஹவுசன் முகாமில் இறந்தார். ஜெம்மா மகளோடும் பேரனோடும் உயிர்தப்பி, அமெரிக்கா வர உதவி கேட்டு பெர்லினிலிருந்து தம்பிக்கு எழுதினார். உன்னைப்போல் லட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள், உனக்கென்று விதிவிலக்குக் கேட்க முடியாது என்று தம்பி பதில் எழுதினார். மறுக்கும் முடிவுகளைப் பிறருக்கு எத்தனையோ முறை சொன்னவர், இந்த முறை தன் வீட்டுக்கே சொன்னார். அது நேர்மையா, கல்நெஞ்சமா என்று அந்தப் புல்வெளியில் மனதுக்குள் வாதாடிக்கொண்டே நின்றேன். இரண்டும்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜெம்மா வரிசையில் காத்திருந்து 1947 மே மாதம் நியூயார்க் வந்து சேர்ந்தார். பிறகு 1962இல் இறக்கும்வரை குவீன்ஸில் ஒரு பொதுக் குடியிருப்பில் வாழ்ந்தார். அதன்பின் அக்காவும் தம்பியும் ஒரே ஊரில் இருந்தது நான்கே மாதங்கள். அந்த நான்கு மாதங்களில் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற யோசனை, திரும்பும் ரயிலில் 125ஆம் தெரு வரைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை. அம்மாவின் இத்தாலியத்திலா? அரிசோனாவில் கூடி விளையாடிய நாளின் ஆங்கிலத்திலா?